பொய்ப் பெயரில் பியானோ

தாம்பரம் - கடற்கரை மின்சார வண்டியில் டிக்கெட் பரிசோதகராக இருந்த அசரியாவுக்குச் சந்தேகம் உத்தியோகத்தோடு வந்ததல்ல. அது பிறவிக்குணம்; ரயில்வே அதற்கு ஒரு கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டது, அவ்வளவுதான். பால்காரி சரசு பால் ஊற்றும்போது அவள் முகத்தைப் பார்க்கமாட்டார், பாலின் கனத்தைப் பார்ப்பார். ஆயர் பிரசங்கம் செய்தால், இதே பிரசங்கத்தை மூன்று வருஷத்துக்கு முன்னால் தலையை வாலாக மாற்றிச் சொன்னாரோ என்று வீட்டுக்கு வந்து பழைய நோட்டைப் புரட்டுவார். இரண்டு தடவை கண்டுபிடித்தும் இருக்கிறார். அப்படிப்பட்ட மனுஷருக்குத் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு சந்தேகம் கிடைத்தால் சும்மா விடுவாரா?

அது 1968. கிழக்குத் தாம்பரத்து வாடகை வீட்டில் அவரும் மனைவி யூனிஸும் மட்டும்தான். ஒரே மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஓடியிருந்தது. யூனிஸ் அதிகம் பேசமாட்டாள். துணி உலர்த்தும்போது மட்டும் வாய்க்குள்ளே எதையாவது முனகிக்கொண்டிருப்பாள்.

அந்த முனகலில்தான் வந்தது வினை. அசரியா ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஆர்கன் வாசிக்கிறவர். காலால் மிதித்துக் காற்றடித்து வாசிக்கும் பழைய ஆர்கன். ஞானப்பாட்டோ கீர்த்தனையோ, எதுவானாலும் டோ ரே மி என்று சொல்ஃபாவில் எழுதி எதிரே வைத்துக்கொள்வார். எழுதியதற்கு மேல் ஒரு சுரம் வாசிக்கமாட்டார், ஒன்று குறையவும் விடமாட்டார். சபையில் பாடுகிற அத்தனை மெட்டும் அவருக்கு அத்துப்படி. யூனிஸ் முனகியது அவற்றில் ஒன்றல்ல. மேலேயிருந்து குதித்துக் குதித்து இறங்கி வந்து, முடியப்போகிற இடத்தில் ஒரு சுரம் சறுக்கி, முடியாமல் அப்படியே தொங்கும். யோக்கியமான மெட்டு எதுவும் அப்படித் தொங்காது என்பது அவர் எண்ணம்.

"அது என்ன பாட்டு?" என்றார்.

"எதுவோ. பக்கத்து வீட்டு ரேடியோல கேட்டிருப்பேன்," என்றாள் யூனிஸ், ஈரத் துணியை உதறியபடி.

பக்கத்து வீட்டு ரேடியோ ஆறு மாதமாக ரிப்பேர். அசரியா அபராத ரசீதுப் புத்தகத்தை எடுத்து, அதன் பின்னட்டையில் அந்தத் திருப்பத்தைச் சொல்ஃபாவில் எழுதித் தேதியும் போட்டுவைத்தார்.

அடுத்த மாதம் பல்லாவரத்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பிரிவுபசார விருந்து நடந்தது. இருவரும் போயிருந்தார்கள். அசரியா மாலைக்கும் மேடைக்கும் அலைந்துகொண்டிருக்க, யூனிஸ் பெண்கள் வரிசையில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். கூடத்தின் மூலையில் ஒரு பியானோ இருந்தது. ஹார்ப்பர் என்ற ஆங்கிலோ இந்தியர், ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர், அதில் உட்கார்ந்து டான்ஸ் மெட்டு ஒன்றை வாசித்தார். நடுவில், அசரியாவின் காது நிமிர்ந்தது. அதே திருப்பம். அதே சறுக்கல்; கடைசியில் மட்டும் தொங்காமல் அவசரமாக முடிந்தது. சட்டென்று திரும்பி மனைவியைப் பார்த்தார். யூனிஸின் டீ பாதி வழியில் நின்றிருந்தது. அவள் ஹார்ப்பரைப் பார்த்து, இலேசாக, மிக இலேசாக, 'வேண்டாம்' என்பதுபோலத் தலையை ஆட்டினாள். ஹார்ப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டியில் திரும்பும்போது அசரியா கேட்டார்: "அந்த ஆளைத் தெரியுமா உனக்கு?"

"எந்த ஆளை?" என்றாள் யூனிஸ்.

மறுநாளே அசரியா கூட வேலை பார்க்கும் சிட்டிபாபுவிடம் பேச்சுவாக்கில் விசாரித்தார். "ஹார்ப்பரா? அரக்கோணம் எஞ்சின் ஷெட்டு ஆளாச்சே! அம்பது, அம்பத்தொண்ணு வரைக்கும் அங்கதான் இருந்தான்," என்றார் சிட்டிபாபு. யூனிஸ் அரக்கோணத்துப் பெண். ரயில்வே கார்டு மோசஸின் மகள். ஐம்பதில்தான் கல்யாணம். இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்று பெருங்களத்தூரிலிருந்து வந்த ஒரு கும்பல் டிக்கெட் இல்லாமல் இறங்கிப் போனது. அசரியா கவனிக்கவே இல்லை.

நேரே போய்ச் சட்டையைப் பிடிக்கிற ஆளில்லை அவர். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும். ஹார்ப்பர் பியானோ சொல்லிக்கொடுக்கிறார் என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு பல்லாவரத்தில் போய்க் கதவைத் தட்டினார்.

"பேர் ஞானையா. மிஷன் ஸ்கூல்ல வாத்தியார். ஜாஸ் கத்துக்கணும்," என்றார். வீட்டில் யூனிஸிடம், சனிக்கிழமைதோறும் ஸ்பெஷல் செக்கிங் போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருந்தார். மனைவி ஒரு பொய் சொன்னாளோ இல்லையோ என்று கண்டுபிடிக்க இவர் அதற்குள் மூன்று பொய் சொல்லியாகிவிட்டது. அது அவருக்கு உறைக்கவில்லை.

ஹார்ப்பர் அவரை மேலும் கீழும் பார்த்தார். விருந்துக் கூட்டத்தில் பார்த்த அடையாளம் அவருக்குத் தெரியவில்லை. "இந்த வயசுலயா மேன்? சரி, உக்காரு. தெரிஞ்சதை வாசி."

அசரியா ஒரு ஞானப்பாட்டை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், இருபது வருஷப் பழக்கம், இரண்டு காலும் பெடலை மாறி மாறி மிதிக்க ஆரம்பித்துவிட்டன. பியானோவில் அது காற்றடிக்கிற கட்டை இல்லையே, மிதித்தால் சுரம் அடங்காமல் நீளும். சுரமெல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, கொதிக்கிற கூழ் மாதிரி ஆகிவிட்டது.

"காத்து அடிக்காதே மேன்!" என்று கத்தினார் ஹார்ப்பர். "இதுக்கு மூச்சு முட்டாது!"

சமையல் செய்யும் எல்லம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இன்னா சார் இது, தையல் மிஷின் ஓட்டிகினு கீற?"

கடைசியில் ஹார்ப்பர் அவருடைய வலது காலை நாற்காலிக் காலோடு துண்டால் கட்டிவிட்டார். சாட்சி தேடி வந்தவர் கட்டுண்டு உட்கார்ந்திருந்தார். அன்று முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் அந்தக் கட்டு உண்டு.

பாடம் விசித்திரமாக இருந்தது. முதலில் புத்தகத்தை மூடச் சொன்னார் ஹார்ப்பர். "எழுதினதை அப்படியே கொண்டுபோய்க் குடுக்கறதுக்கு நீ எதுக்கு மேன்? தபால்காரன் போதும்." பிறகு கைதட்டச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் அசரியாவின் கை ஒன்றிலும் மூன்றிலும் விழும். ஜாஸுக்கு இரண்டிலும் நான்கிலும் விழ வேண்டுமாம். அதற்கே மூன்று சனிக்கிழமை போயிற்று. இடது கை படியிறங்குவதுபோல நடந்துகொண்டே இருக்க வேண்டும். வலது கை தன் இஷ்டத்துக்கு வம்பளக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு பார், அதாவது நாலு தட்டுக்கு ஒரு கட்டம்; மூன்றே கார்ட், சேர்த்து அமுக்கும் சுரக்கூட்டு; அதற்குள் எதை வேண்டுமானாலும் வாசி என்றார். எதை வேண்டுமானாலும் என்றால் எதை? அசரியாவின் விரல் அந்தரத்தில் நிற்கும். கடைசியில் பழக்கதோஷத்தில் ஞானப்பாட்டு முடிவில் வரும் 'ஆமென்' கார்ட் இரண்டையும் போட்டு முடித்துவிடுவார்.

"எந்தப் பாட்டை வாசிச்சாலும் ஜெபம் பண்ணிட்டுத்தான் எந்திரிக்கிறே நீ," என்றார் ஹார்ப்பர்.

இதற்கிடையில் விசாரணையும் நடந்தது. ஹார்ப்பர் தண்ணீர் குடிக்கப் போனால் சுவரில் இருக்கிற போட்டோக்களைப் பார்வையிடுவார். எஞ்சின், எஞ்சின், செத்துப்போன மனைவி, மறுபடியும் எஞ்சின். எல்லம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "இங்க லேடீஸ் யாராச்சும் வந்து போறதுண்டா?" என்று கேட்டார்.

"ஏன், நான் ஒருத்தி கீறது கண்ணுக்குத் தெரியலியா?" என்றாள் எல்லம்மா. அதற்குப் பிறகு அவருக்குத் தந்த டீயில் சர்க்கரை குறைந்தது.

வாரா வாரம் அந்த டான்ஸ் மெட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, வண்டியில் ஏறியதும் ஞாபகத்திலிருந்து சொல்ஃபாவில் எழுதி, போன வாரத்ததோடு ஒப்பிட்டார். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை! முதல் வாரம் இருந்த திருப்பம் இரண்டாம் வாரம் இல்லை. மூன்றாம் வாரம் வேறு இடத்தில் இருந்தது. நான்காம் வாரம் மெட்டே அடையாளம் தெரியவில்லை. யோக்கியன் என்றால் ஒரே பாட்டை ஒரே மாதிரி வாசிக்கமாட்டானா? எதையோ மறைக்கிறான், மாற்றி மாற்றிச் சொல்கிற சாட்சி மாதிரி நழுவுகிறான் என்று அசரியா தீர்மானித்தார். ஜாஸில் ஒரு பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி வாசிப்பதுதான் வெட்கக்கேடு என்று ஹார்ப்பர் ஏழாம் வாரம் சொன்னபோது, அதையும் ஒரு சாக்கு என்றே குறித்துக்கொண்டார்.

இதில் அவமானம் என்னவென்றால், அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. சனிக்கிழமை எப்போது வரும் என்று செவ்வாய்க்கிழமையே நினைக்க ஆரம்பித்தார். துப்புக்காகவா, பியானோவுக்காகவா என்று அவருக்கே குழப்பம். சாப்பிட உட்கார்ந்தால் இடது கை தட்டின் விளிம்பில் படியிறங்கும். ஒருநாள் யூனிஸ் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அந்த விரல்களையே வெகுநேரம் பார்த்தாள்.

"சனிக்கிழமை செக்கிங் ரொம்பக் கஷ்டமோ?" என்றாள்.

"ஆமா. டிக்கெட் இல்லாதவன் ஜாஸ்தியாயிட்டான்," என்றார், கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டு.

நான்காம் மாதம் ஒரு சனிக்கிழமை அசரியா வலையை விரித்தார். அதற்குள் அந்த டான்ஸ் மெட்டை அவரும் தட்டுத்தடுமாறி வாசிப்பார். அன்று, முடியப்போகிற இடத்தில், யூனிஸ் முனகியதை, ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்ததை, அப்படியே போட்டார். சுரம் சறுக்கித் தொங்கியது. காலை எட்டு மணி வண்டியில் கதவை மறித்துக்கொண்டு நிற்பதுபோலக் காத்திருந்தார்.

ஹார்ப்பர் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்தார். "அதை எங்க கேட்டே?"

"நீங்க வாசிச்சதுதானே," என்றார் அசரியா.

"நான் முழுசா வாசிச்சதே இல்ல மேன். எனக்கு வராது. கடைசிச் சுரத்தை நான் எப்பவும் அவசரப்பட்டு முடிச்சிடுவேன். நீ முடிக்காம விட்டியே, அது என்னுது இல்ல. அந்தப் பொண்ணோடது."

"எந்தப் பொண்ணு?"

ஹார்ப்பர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அரக்கோணம் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில், அதாவது ரயில்வேக்காரர்களின் கிளப்பில், சனிக்கிழமைதோறும் டான்ஸ் நடக்கும், ஹார்ப்பர்தான் பியானோ. அவருக்கு எஞ்சின் டியூட்டி விழுந்துவிட்டால் வாசிக்க ஆளிருக்காது. கார்டு மோசஸ் என்று ஒருவர் இருந்தார். மிஷன் பள்ளியில் பியானோ கற்ற மகள் அவருக்கு இருந்தாள், பத்தொன்பது வயது. அவளை மேடையில் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொள்வார். ஆடுகிறவர்கள் யாருக்கும் வாசிப்பது யார் என்று தெரியாது.

"ஒரு வருஷம் வாசிச்சா மேன். டியூட்டி இல்லாத நாள்லகூட நான் ஜுரம்னு சொல்லிட்டுப் போய்க் கீழே நின்னு கேப்பேன். அப்பனும் மகளும்தான் இருப்பாங்க மேலே. நான் அவகிட்ட மொத்தமா பத்து வார்த்தை பேசியிருந்தா அதிகம். அப்புறம் கல்யாணம் பேச வந்தாங்க. மாப்பிள்ளை சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறவனாம். பொண்ணு இன்ஸ்டிட்யூட் பக்கம் போறதுண்டான்னு அவன் கேட்டானாம். போனதே இல்லைன்னு மோசஸ் பைபிள் மேல கை வச்சுட்டார். என்கிட்ட வந்து, வெளியே சொல்லிடாதே ஹார்ப்பர்னு அழுதார். இப்ப ஒரு பார்ட்டில பார்த்தேன் அவளை. தலையை ஆட்டினா. இன்னும் அந்த ஆளுக்குப் பயந்துகிட்டு இருக்கா, பாவம்."

அசரியாவுக்கு ஞாபகம் வந்தது. அரக்கோணத்து வீட்டில், வடைத் தட்டு கையிலிருக்க, இருபத்தெட்டு வயது மாப்பிள்ளையாக அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டு வடையைச் சாப்பிட்டார். கேள்வியை மறந்தும் போனார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஒருத்தி பதினெட்டு வருஷம் கையை மடியில் வைத்துக்கொண்டு, சபையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, அவர் மிதித்து மிதித்து வாசித்ததைக் கேட்டிருக்கிறாள். கால்கட்டை அவிழ்க்கக்கூட அவருக்குக் கை வரவில்லை. எல்லம்மாதான் வந்து துண்டை அவிழ்த்துவிட்டாள்.

வீட்டில் யூனிஸ் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அசரியா சமையலறை வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னார். ரசீதுப் புத்தகத்தையும் காட்டினார். யூனிஸ் கையைத் துடைத்துக்கொண்டு, தன் முனகல் தேதியோடு எழுதப்பட்டிருந்ததைப் படித்தாள்.

"நாலு மாசமா?" என்றாள். "நாலு மாசமா அங்க போய், என்னை வேவு பார்த்தீங்களா?"

"நீயும் ரேடியோன்னு பொய் சொன்னே."

"உண்மையைச் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? அப்பா பக்கத்துலயே உக்காந்திருந்தார், ஹார்ப்பர் கீழே நின்னார், வேற ஒண்ணும் இல்லைன்னு சொன்னா, நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் யூனிஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாட்டேன்," என்றார்.

"இதையாவது நிஜமாச் சொன்னீங்களே." அவள் ரசீதுப் புத்தகத்தை அவர் கையில் திணித்தாள். "இன்னொரு தடவை என்னைச் சோதனை போட்டீங்கன்னா, நான் பாளையங்கோட்டைக்குப் போய் மகளோட இருந்துக்குவேன். சும்மா மிரட்டறேன்னு நினைக்காதீங்க." அவர் அப்படி நினைக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவள் மிரட்டியதே கிடையாது. இந்த வீட்டில் யூனிஸ் இல்லாமல் ஒரு சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தார். பயமாக இருந்தது.

"அடுத்த சனிக்கிழமை வர்றியா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் அரிசிப் பாத்திரத்தை இழுத்துக்கொண்டாள். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

ஹார்ப்பர் கதவைத் திறந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஞானையா, நீதானா அந்த ஆர்கன்காரன்?" என்றார். அசரியா தலையைக் குனிந்துகொண்டார். கிழவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார்.

யூனிஸ் வளையல்களைக் கழற்றிப் பியானோ மேல் வைத்தாள். முதலில் விரல் இடறியது. இடது கை இரண்டு தடவை நின்றுபோயிற்று. "ச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். அரைமணி நேரத்தில் கை வழிக்கு வந்தது. அசரியா வாசிப்பைக் கேட்கவில்லை, ஹார்ப்பரின் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். எத்தனை புத்தி வந்தாலும் கண் கேட்டால்தானே! அந்த முகத்தில் ஒன்றும் அகப்படவில்லை. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டிலும் நான்கிலும் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகுதான் மனைவியைப் பார்த்தார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஹார்ப்பரையும் இல்லை, அவரையும் இல்லை. அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததே கிடையாது. மகள் பிறந்த அன்றுகூட இல்லை. ஒரு ஆள் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இங்கே ஆளே இல்லை. அவர் இல்லாமலேயே அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறது, அதை அவர் வாசலில் நின்று மறித்திருக்கிறார்.

ஐந்து மணிக்கு எழுந்து, "போகலாமா?" என்றார்.

யூனிஸ் கையை எடுக்காமல் சொன்னாள்: "நீங்க போங்க. நான் அப்புறமா வர்றேன்."

"எந்த வண்டிக்கு?"

"தெரியலை. வர்றேன்."

வெளியே வந்தால் பின்னாலேயே எல்லம்மாவும் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்படியென்றால் வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்" என்ற வார்த்தை அசரியாவின் நாக்கு நுனிவரை வந்தது.

"இன்னா சார்?" என்றாள் எல்லம்மா.

"ஒண்ணுமில்லை. போய்ட்டு வா," என்றார்.

தெருமுனைவரை பியானோ கேட்டது. நின்றுபோனால் என்ன அர்த்தம் என்று மனசு கணக்குப் போடுவதற்கு முன்னால் வேகமாக நடந்து ஸ்டேஷனுக்குள் போய்விட்டார். தாம்பரம் வண்டி வந்தது. ஏறினார். குரோம்பேட்டையில் வண்டி நின்றபோது எதிர்ப் பிளாட்பாரத்தில் பல்லாவரம் போகிற வண்டி நின்றிருந்தது. எழுந்து கதவுவரை போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி நகர்ந்தது. அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்திலும் கதவருகிலேயே நின்றார். பாஸ் இருக்கிறது, யாரும் கேட்கப்போவதில்லை, திரும்பிப்போய் ஜன்னலோரம் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு வந்துவிடலாம்.

தாம்பரத்தில்தான் இறங்கினார்.